பைப் கேஸ்: வாடை, சீறல், மஞ்சள் தீ... எது வந்தால் என்ன செய்வது

எங்கள் அடுக்ககத்துக்குப் பைப் கேஸ் வந்த முதல் மாதம். காலை ஐந்தரை மணிக்கு வாட்ச்மேன் என் கதவைத் தட்டி, "சார், ரெண்டாவது மாடியில கேஸ் வாடை வருது சார்" என்றார். நான் போவதற்குள் அங்கே நாலு பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் முழங்கால் போட்டுத் தரையோரம் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல்லிக் கத்தினார். மூன்றாமவர் லிஃப்ட்டில் கீழே போய் மெயின் ஸ்விட்ச்சை இறக்கிவிட்டு வருவதாகக் கிளம்பினார். மூன்றுமே தப்பு. முதலாவது சிலிண்டர் காலத்துப் பழக்கம், மற்ற இரண்டும் எந்தக் காலத்திலும் தப்பு.

அன்றைக்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, திருகு திறந்தபடியே கிடக்க, அந்த அம்மா பூஜை அறையில் இருந்தார். ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஆனால் தரையில் மோப்பம் பிடித்தவர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறார், ஏனென்றால் கேஸ் அப்போது அவர் தலைக்கு மேலே கூரையோரம் இருந்தது.

இந்த வித்தியாசம் புரிந்தால் கீழே சொல்வது பாதி தானாக விளங்கும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனம், தரையில் படியும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான், அதனால் மேலே போய் பரண், கூரை மூலை என்று தங்கும். சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ தீர்ந்தால் தீர்ந்தது. குழாய் அப்படியில்லை, யாராவது வால்வை மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். காற்றில் மீத்தேன் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். ஸ்விட்ச்சைப் போட்டால் மட்டுமல்ல, அணைத்தாலும் உள்ளே பொறி பறக்கும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை.

படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மீட்டரிலோ பில்லிலோ கேஸ் நிறுவனத்தின் அவசர எண் இருக்கும், அதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த 1906 சிலிண்டர் கசிவுக்கான எண். அதில் அழைத்தால் தெருக்குழாயை மூட ஆள் வர மாட்டார். தீயணைப்புக்கு 101, பொதுவான அவசரத்துக்கு 112.

சமையலறையில் வாடை வருகிறது

கேஸுக்குத் தனியாக வாடை கிடையாது, கந்தகம் கலந்த ஒரு பொருளைச் சேர்த்துத்தான் அந்த நாற்றத்தைக் கொண்டுவருகிறார்கள். வெடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது காற்றில் ஒரு சதவீதம் கலக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில், வாடை சேர்க்காத கேஸ் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் சேர்ந்து வெடித்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் வாடை சேர்ப்பது சட்டமானது. அந்த நாற்றம் நமக்கு இலவசமாகக் கிடைத்ததில்லை.

சரி, வாடை வந்துவிட்டது. லேசாக இருந்தால் அடுப்புத் திருகுகளைப் பாருங்கள், அப்புறம் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. கால் சுற்றுதான். ஜன்னலைத் திறக்கும்போது மேல்பாதி திறக்கிற ஜன்னல் இருந்தால் அதை முதலில் திறங்கள். விளக்கு எரிகிறதா, எரியட்டும். அணைந்திருக்கிறதா, அணைந்தே இருக்கட்டும். ஃபிரிட்ஜைப் பிடுங்கப் போகாதீர்கள், பூஜை விளக்கு எரிந்தால் மட்டும் முதல் வேலையாக அதை அணையுங்கள்.

கதவைத் திறந்ததுமே வாடை முகத்தில் அடித்தால், அல்லது 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால், ஜன்னலும் வேண்டாம் அடுப்புப் பக்கத்து வால்வும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்குங்கள், போகிற வழியில் மீட்டர் வால்வு கைக்கு எட்டினால் மூடுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைக் கையால் தட்டுங்கள், காலிங் பெல்லை அழுத்தாதீர்கள். கைப்பேசியை வெளியே வந்து, வாடை வராத இடத்தில் நின்று எடுங்கள்.

லேசான வாடைதான், எல்லாத் திருகும் மூடியிருக்கிறது, காற்றோட்டம் வந்த பிறகு எங்கே என்று தேட வேண்டும் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு துணியால் இணைப்புகளில் தடவுங்கள். எங்கள் வீட்டில் ரப்பர் ட்யூப் அடுப்பில் மாட்டும் இடத்தில்தான் கண்டுபிடித்தேன்: ஒரே ஒரு குமிழி, கடுகளவில் ஆரம்பித்துத் தவளைக் கண் மாதிரி மெதுவாக வீங்கி உடைந்தது, அதே இடத்தில் அடுத்தது கிளம்பியது. ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கில் வெடிப்பு. இதை ஒருவர் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பார், 'சும்மா செக் பண்றேன்' என்பார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போங்கள். கண்டுபிடித்த பிறகும் டேப் சுற்றுவது, எம்சீல் அப்புவது எல்லாம் கூடாது. வால்வை மூடிவிட்டு ஆள் வரும்வரை ஹோட்டல் இட்லிதான்.

எல்லாம் மூடியிருக்கிறது, வாடை மட்டும் போகவில்லை

இதைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். 'நம்ம வீட்டு மீட்டரையே மூடிட்டோம், அப்ப இது சாக்கடை நாத்தம்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் தெருவில் புதைத்த குழாயில் கசிவு இருந்தால் கேஸ் நேராக மேலே வந்துவிடாது. மேலே தார்ச்சாலையோ சிமென்ட்டோ மூடியிருந்தால் அது பக்கவாட்டில் மண்ணுக்குள் ஊர்ந்து, கேபிள் போன பைப், மழைநீர் வடிகால், லிஃப்ட் குழி என்று எது கிடைத்ததோ அது வழியாகக் கட்டடத்துக்குள் வரும். வரும் வழியில் மண்ணே வாடையை உறிஞ்சிவிடுவதும் உண்டு. அதனால் லேசான வாடை என்றால் கேஸும் கொஞ்சம்தான் என்று அர்த்தமில்லை.

கேஸ் இணைப்பே வாங்காத வீட்டில் வாடை வந்தால் முதல் சந்தேகம் இதுதான். தரைத்தள வீடு, மின்மீட்டர் அறை, அடித்தள வாகன நிறுத்தம் மூன்றிலும் வாடை இருக்கிறதா என்று கேளுங்கள், உள்ளே போய்த் தேடாதீர்கள். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்க்கும் வேலை கண்டிப்பாக வேண்டாம், இரும்பு மூடி கல்லில் உரசினாலே பொறி. சாக்கடை நாற்றமா கேஸ் நாற்றமா என்று பிரித்துச் சொல்வது உங்கள் வேலை இல்லை, அழையுங்கள். ஆள் கருவியோடு வருவார். சாக்கடைதான் என்று தெரிந்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது

நல்ல தீ நீலமாக, பர்னரோடு ஒட்டி எரியும். மஞ்சள் நாக்கு நீண்டால் காற்று போதவில்லை, கேஸ் முழுசாக எரியவில்லை. முக்கால்வாசி நேரம் பர்னர் துளையில் சோறு வடித்த கஞ்சி காய்ந்திருக்கும், கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும். அப்படியும் போகவில்லையென்றால் ஜெட்டை, அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சின்னத் துளையுள்ள திருகைப் பார்க்க வேண்டும். சிலிண்டர் அடுப்பைப் பைப் கேஸுக்கு மாற்றும்போது ஜெட்டின் துளையைப் பெரிதாக்குவார்கள், ஏனென்றால் அளவுக்கு அளவு பார்த்தால் மீத்தேனின் சூடு குறைவு. அந்த மாற்றிய அடுப்பைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போய் சிலிண்டரில் மாட்டினால் தீ அடுப்பை மீறி எழும்பும். என் உறவினர் ஒருவர் அதைச் செய்தார், கரண்டி பிடித்த கை ரோமம் போனதோடு தப்பித்தார்.

மஞ்சள் தீயில் பயப்பட வேண்டியது கரியைப் பார்த்து அல்ல, கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைப் பார்த்து. அதற்கு வாடை கிடையாது, சேர்ப்பதற்கும் யாரும் இல்லை. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டிய வீடுகளில், குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற உணர்வு என்று யாராவது சொன்னால் பித்தம் என்று சுக்குக் கஷாயம் போடாதீர்கள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், கீசரை நிறுத்துங்கள், மயங்கிவிட்டால் 108. கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுவதுதான் இதற்குச் சரியான தீர்வு.

தீ திடீரென்று உயர்ந்து எரிகிறது

நீங்கள் திருகைத் தொடவே இல்லை, சிம்மில் வைத்த அடுப்பு தானாக 'புஸ்' என்று எழும்புகிறது என்றால் அது அடுப்பின் கோளாறு இல்லை, குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறது. வீட்டுக்குள் வரும் அழுத்தம் வெறும் 21 மில்லிபார். ஒரு சாண் உயரத் தண்ணீரைத் தாங்குமே, அவ்வளவுதான். தெருவில் ஓடும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாயிலோ 4 பார் வரை இருக்கும். இடையில் நிற்பது அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர்கள் மட்டும்தான்.

2018 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் என்ற மூன்று ஊர்களில் இது நடந்தது. பழைய வார்ப்பிரும்புக் குழாயை ஒதுக்கிவிட்டுப் புதுக் குழாய்க்கு மாற்றினார்கள், ஆனால் அழுத்தத்தை அளக்கும் இணைப்பைப் பழைய குழாயிலேயே விட்டுவிட்டார்கள். கைவிட்ட குழாயில் அழுத்தம் குறையக் குறைய, 'ஊருக்குக் கேஸ் போதவில்லை' என்று ரெகுலேட்டர் நினைத்துப் புதுக் குழாயில் கேஸைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வீடு வீடாக அடுப்பும் ஹீட்டரும் தீயைக் கக்கின. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், 131 கட்டடங்களுக்குச் சேதம்.

ஆகவே தீ உயர்ந்தால் அடுப்புத் திருகோடு நிற்காதீர்கள். மீட்டர் வால்வை மூடி, வெளியே வந்து, அக்கம்பக்கத்தில் 'உங்க அடுப்பும் அப்படித்தான் எரியுதா' என்று கேளுங்கள். ரெண்டு வீட்டில் ஆமாம் என்றால் கட்டடம் முழுக்க இறங்க வேண்டியதுதான்.

தெருவில் சீறல், தேங்கிய தண்ணீரில் குமிழி

மழை விட்ட மறுநாள் குட்டையில் ஒரே இடத்தில் நிற்காமல் குமிழி வந்துகொண்டிருந்தால், காற்றே இல்லாமல் ஒரு இடத்தில் மட்டும் புழுதி எழும்பினால், சுற்றிலும் பச்சையாக இருக்கும் புல் ஒரு வரிசையில் மட்டும் காய்ந்திருந்தால், கீழே குழாய் இருக்கிறதா என்று யோசியுங்கள். அந்த இடத்தில் பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். டீக்கடை, இஸ்திரி வண்டி, இட்லிக்கடை ஆயா எல்லாரிடமும் நெருப்பை அணைக்கச் சொல்லுங்கள். ஆயா திட்டுவார், பரவாயில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, சத்தமும் வாடையும் எட்டாத தூரத்துக்கு நகருங்கள்.

ஜேசிபி மஞ்சள் குழாயைக் குத்திவிட்டது

எங்கள் தெருவில் வடிகால் வெட்டும்போது நடந்தது இது. பல் பட்டு மஞ்சள் குழாய் கிழிந்து, குக்கர் விசில் நிற்காமல் அடிப்பது மாதிரி சத்தம். ஒரு தம்பி, தண்ணீர் ட்யூபை மடக்குவது போலக் குழாயை மடக்கிக் கட்டுக்கம்பி சுற்றப் போனான். நல்லெண்ணம்தான், ஆனால் பிளாஸ்டிக் குழாயில் கேஸ் வேகமாகப் பாயும்போது அதன் மேல் நிலைமின்சாரம் ஏறும். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடக்குமே, அதுதான். காய்ந்த கை பட்டால் அந்தப் பொறியே போதும். மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான்.

செய்ய வேண்டியது சுருக்கம். ஓட்டுநர் இறங்கி நடக்கட்டும், வண்டியை நகர்த்த வேண்டாம். மண்ணைத் தள்ளி மூடாதீர்கள், மூடினால் கேஸ் நிற்காது, வேறு வழி தேடிப் பக்கத்து வீட்டுக்குள் போகும். தெருவின் இரண்டு முனையிலும் ஆள் நின்று வண்டிகளை நிறுத்துங்கள். நிறுவனத்துக்கும் 101க்கும் இரண்டு பேர் தனித்தனியாக அழையுங்கள். இடத்தைச் சொல்லும்போது 'பிள்ளையார் கோவில் பக்கம்' என்றால் ஊரில் நூறு இருக்கும், தெருப் பெயரும் கதவு எண்ணும் சொல்லுங்கள். தெருவில் இருக்கும் வால்வு குழியை நாமே திறந்து மூடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தெரியாமல் மூடினால் ஆபத்து இடம் மாறும், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது, 'லேசா உரசிச்சு, ஒண்ணும் ஆகல' என்று மூடிவிட்டுப் போவது. பெல்ஜியத்தில் கிஸ்லாங்கியன் என்ற ஊரில் 2004 ஜூலை 30 அன்று பெரிய கேஸ் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். கசிகிறது என்று தகவல் வந்து பார்க்கப் போன தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். அதற்குமுன் நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் பட்டுக் குழாயின் சுவர் மெலிந்திருந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு குழாயில் அழுத்தத்தைக் கூட்டியபோது அந்த இடம் தாங்கவில்லை. உரசினாலும் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் சொல்லாவிட்டால் பார்த்த நீங்கள் சொல்லுங்கள். தோண்டுவதற்கு முன்பே தெரிவிக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியே கொண்டுவந்தது. நம் தெருவில் அதைத் திறந்து பார்த்த ஒப்பந்ததாரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கசிந்த கேஸ் எரிந்துகொண்டிருக்கிறது

அணைக்காதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். எரிகிற கேஸ் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அணைத்தால் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும், பரவிய பிறகு எங்கிருந்தோ ஒரு பொறி வரும். சுற்றியுள்ள ஓலை, பந்தல், வண்டி தீப்பிடிக்காமல் தூர நின்று தண்ணீர் அடிக்கலாம், தீயின் வாய் அப்படியே இருக்கட்டும். வால்வை மூடியதும் அது தானாகச் சாகும்.

வயலோரம் பெரிய குழாய், வாடையே இல்லை

ஊருக்கு ஊர் கேஸ் கொண்டுபோகும் பெரிய குழாய் வேறு கதை. வாடைப் பொருளை ஊர் விநியோகத்துக்குள் நுழையும் நிலையத்தில்தான் கலக்கிறார்கள், அதனால் பெரிய குழாய்க் கசிவை மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். காதும் கண்ணும்தான். இரைச்சல், மண் பறப்பது, கசியும் இடத்தில் பனிமூட்டம் போல வெள்ளையாகப் படர்வது.

ஆந்திராவில் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலை, மத்திய அரசின் கேஸ் நிறுவனமான கெயிலின் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரம் நீக்காத கேஸை அனுப்பியதில் குழாய் உட்பக்கமாக அரித்திருந்தது. தூங்கும் நேரத்தில் கேஸ் படர்ந்து நிற்க, டீக்கடையில் அடுப்பு பற்றவைத்தபோது பிடித்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. கசிவு பற்றி முன்பே சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் அப்போது சொன்னார்கள். புகார் சொன்னால் தேதியோடு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் வட்டாட்சியருக்கும் போகட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய குழாய் வெடித்தால் வால்வு மூடும்வரை அங்கே நிற்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று 30 அங்குலக் குழாய் வெடித்தபோது விமானம் விழுந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள், விமான நிலையம் பக்கத்தில். 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன, கேஸை நிறுத்த 95 நிமிடம் ஆனது. சத்தம் கேட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருக்காமல் காற்று எதிர்த்து வரும் பக்கமாக விலகுங்கள். மாடுகளை அவிழ்த்துவிடுங்கள், ஓட்டிக்கொண்டு வர நேரமில்லை.

நம் மேற்கு மாவட்டங்களில் குழாய்க்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று உழவர்கள் போராடி, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2016இல் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு என்பது என் கட்சி. ஆனால் குழாய் பதித்தாகிவிட்டது என்றால், 1962ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டப்படி குழாய் போகும் நிலப்பட்டையில் கிணறு, கட்டடம், மரம் எதுவும் கூடாது. நெல்லோ கடலையோ போடலாம். தென்னை வைத்தால் வேர் குழாயின் பூச்சைப் பிடிக்கும். வரப்பில் நடப்பட்டிருக்கும் அடையாளக் கம்பத்தில் குழாய் எது, யாரை அழைப்பது என்று எழுதியிருக்கும். ஆடு கட்ட வசதி என்று அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள்.

கேஸ் நின்றுபோய்த் திரும்ப வந்தது

சமைக்கும்போது தீ தானாக அணைந்தால் 'பில் கட்டலையோ' என்று தேடுவதற்கு முன் எல்லாத் திருகையும் மூடுங்கள், மீட்டர் வால்வையும். அப்படியே விட்டுவிட்டு அலுவலகம் போனால், பதினோரு மணிக்குக் கேஸ் வரும்போது அணைந்த அடுப்பு வழியாக வீடெல்லாம் நிரம்பும். ரெகுலேட்டர் சில சமயம் அழுத்தம் குறைந்ததும் தானே பூட்டிக்கொள்ளும், அதைத் தட்டியோ திருகியோ எழுப்பப் பார்க்காதீர்கள், ஆள் வந்து எழுப்பட்டும். கசிவுக்குப் பிறகு என்றால் கருவியால் அளந்து 'உள்ளே போகலாம்' என்று சொல்லும்வரை காத்திருங்கள். மூக்கை மட்டும் நம்ப வேண்டாம், அந்த வாடையில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்குப் பழகிவிடும்.

முதலில் பற்றவைக்கும்போது குழாயில் காற்று இருந்தால் தீ ரெண்டு மூன்று நொடி புஸ் புஸ் என்று தடுமாறும், பிறகு நீலமாக நிலைக்கும். அதற்கு மேலும் தடுமாறினால் மூடிவிட்டு இன்னொரு முறை அழையுங்கள்.